கட்டு ஒன்றுக்கு எத்தனை நொடி

ஜூன் பாதியில் சுற்றறிக்கை வந்தது.
பன்னிரண்டரை முதல் மூன்று வரை
வெயிலில் யாரும் நிற்கக்கூடாது,
நின்றால் கம்பெனிக்கு அபராதம்.
ஷார்ஜா, முவைலே, எட்டாவது மாடித் தளம்.
உறையில்லாத கை கம்பியைத் தொட்டால்
தோல் கம்பியோடு போய்விடும்.

நான் டைம்கீப்பர்.
ஆள், மணி, டன்.

ஹாதி இன்ஜினியர் கணக்கைப் புரட்டினார்.
இரண்டரை மணி நேரம் சும்மா கிடக்கிறதே,
மொத்தமாய் இரவுக்கு மாற்றினால் என்ன?
ஒரு மாதம் பார்ப்போம். நீ எண்ணு.

எண்ணினேன்.
பகலில் முத்துராக்கு போட்டது
ஷிஃப்டுக்கு எழுநூற்றுச் சொச்சம் கட்டு.
இரவில், விளக்குக் கம்பத்தின் கீழே,
தொள்ளாயிரத்தைத் தாண்டினான்.
கொக்கி சுழன்ற வேகத்தில்
எனக்கே இரண்டு தடவை எண்ணிக்கை தப்பியது.
தில்பகதூருக்கும் கூடியது,
சேவியர் பிச்சைக்கும் கூடியது.
ஹாதி என் தோளைத் தட்டினார்,
கட்டியதெல்லாம் நான் என்பதுபோல.
"வெயில்தான், பார்த்தாயா, வெயில்தான்."

வெயில்தான். மறுக்கவில்லை.
ஆனால் அந்தப் பகல் இடைவேளையில்
பிளைவுட் நிழலில் மல்லாந்து
பன்னிரண்டே முக்காலுக்கு அவன் போன் எடுப்பான்.
அங்கே இரண்டேகால்.
சிக்கல் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில்
அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
பேச்சியம்மாளுக்குக் கிடைக்கிற கால்மணி நேரம்.
பெரிதாய் ஒன்றும் பேசமாட்டார்கள்.
இன்றைக்கு எத்தனை முட்டை அழுகல்,
சிலிண்டர் காசு ஏறியதா,
"ம்" என்பாள், இவனும் "ம்" என்பான்.
வைத்த பிறகு கொஞ்ச நேரம்
உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான்.
மூன்று மணிக்கு எழுந்தால்
முதல் ஐம்பது கட்டு மெதுவாய்த்தான் விழும்.
நான் அதை நஷ்டத்தில் எழுதியிருக்கிறேன்.

இப்போது பன்னிரண்டே முக்காலுக்கு
ஸஜா கேம்ப்பில் தூங்குகிறான்,
ஜன்னலுக்கு அட்டை ஒட்டிய இருட்டில்.
அவள் தூங்கும்போது இவன் கம்பி மேல்.
முதல் வாரம் அலாரம் வைத்தான்.
எழுந்து பேசிய பகல்களில்
மறுபடி கண் மூடவில்லை,
அந்த இரவுகளில் அறுநூற்றைம்பது.
ஹாதி மூன்று வரிக்கு மஞ்சள் பூசி
என்ன ஆச்சு என்று கேட்டார்.
வயிறு சரியில்லை என்றேன்.
இரண்டாம் வாரம் அலாரம் இல்லை.
தொள்ளாயிரத்து நாற்பது.

அறிக்கையில் ஒரு கட்டம் பாக்கி:
உற்பத்தி கூடியதற்குக் காரணம்.
பத்துச் சொல்லுக்கு மேல் ஏற்காத கட்டம்.
வெப்பம் குறைவு, கவனச்சிதறல் குறைவு
என்று தட்டினேன்.
இரண்டாவதை அழித்தேன்.
மறுபடி போட்டேன்.

அதிகாலை நாலு பத்து. பஸ் நிறைந்துவிட்டது.
ராக்கு கண்ணாடியில் தலை சாய்த்து உறங்குகிறான்.
வலதுகை விரல் மட்டும்
இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறது.
அவற்றை நான் எண்ணவில்லை.