உள்ளேன் மிஸ்

வெறும் ஆத்துத் தண்ணி வந்திருந்தா
விளக்குமாறு போதும்.
இது எண்ணெயோடு வந்தது.
எர்ணாவூர்ப் பள்ளியில்
குறள் எழுதிய சுவரில், குறளுக்கு ஒரு முழம் கீழே
கறுப்பாய் ஒரு கோடு.
அடிக்கோல் வைத்துக் கிழித்ததுபோல் அத்தனை நேர்.

பத்தாம் நாள் கதவைத் திறந்தோம்.
பள்ளி மேலாண்மைக் குழு என்று பெயர்.
நாலு அம்மாக்கள், ஒரு ஷேர் ஆட்டோக்காரர், எப்சிபா மிஸ்.
நிதிக்கு எழுதிப் போட்டிருக்கேன்,
வரும்போது வரட்டும் என்று
மிஸ் புடவையைத் தூக்கிச் செருகினார்.

தேசப்பன் படகில் மிச்சமிருந்த டீசலைக்
கேனில் கொண்டுவந்தார்.
கடலுக்குப் போய் மூணு வாரம்,
வலையெல்லாம் தார் பூசினாற்போல் கிடக்கிறது.
எண்ணெயை எண்ணெய்தான் எடுக்கும் என்றார்.
யாருக்கும் மனசு ஒப்பவில்லை.
ஆனால் பெஞ்சு நிறம் காட்டியது.
மரத்தூள் கொட்டினோம், அள்ளினோம்,
திரும்பக் கொட்டினோம்.

என் பையில், டிபன் டப்பாவுக்கு அடியில்,
நாலாய் மடித்த ஒரு தாள்.
மகனுக்கு டிசி கேட்டு எழுதியது.
அம்பத்தூரில் என் தங்கச்சி இருக்கிறாள்,
அங்கே தண்ணி ஏறாது.
கூட்டி முடித்ததும் கொடுக்கலாம் என்றிருந்தேன்.

பீரோவின் கீழ்த்தட்டில் வருகைப் பதிவேடு
ஊறி ஒரே கட்டி.
பிரிக்கப் பிரிக்கப் பிட்டுப்பிட்டாய் வந்தது.
நீல மை கரைந்து
ஆறாம் வகுப்பு ஆ பிரிவில்
எல்லாருக்கும் ஒரே பெயர்.

எமிஸில் இருக்குமே மிஸ் என்றேன்.
போனில் அந்த வட்டம்
சுத்திக்கிட்டே இருந்தது.

மாடி வராந்தாவில் அன்று பதினோரு பிள்ளைகள்.
மிஸ் லாங் சைஸ் நோட்டில் கோடு போட்டார்.
ஒண்ணு யாரு?
அபிநிவேஷ் மிஸ்.
ரெண்டு?
அப்சனா. அவங்க வீட்ல கட்டிலே மிதந்துச்சு மிஸ்.
பதினொண்ணு வரைக்கும்
வாய்ப்பாடு மாதிரி ஓடியது.
பன்னிரண்டில் சண்டை. பிறகு சமாதானம்.
பதினேழு யாருக்கும் வரவில்லை.
யுவஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள்.
பதினேழு நந்தன் மிஸ்.
உள்ளேன் சொல்றதுக்கு முன்னாடி
ஒரு தபா இருமுவான்.

பத்தொன்பது என்றார் மிஸ்.
பிள்ளைகள் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.
கீழே கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தவன்
பக்கெட் சத்தத்துக்கு மேலே கத்தினான்:
உள்ளேன் மிஸ்!

இருபத்து மூணு.
ரோஷிணி என்றார்கள், மெதுவாக.
கால்வாய் ஓரத்து வீடு.
சுவரில் நம்பர் போட்டார்கள், போன மாசம் இடித்தார்கள்,
லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கம் அனுப்பினார்கள்.
டிசி வாங்கிட்டாளா?
வாங்கல மிஸ்.
அப்புறம் என்ன, என்றவர் எழுதினார்.
பெயரைச் சுற்றி அடைப்புக்குறி கூடப் போடவில்லை.

என் தாளை நான் கிழிக்கவில்லை.
கிழிக்கிற அளவுக்கு தைரியமும் இல்லை.
மறுநாளைக்கு எத்தனை மூட்டை மரத்தூள் வேணும் என்று
கஸ்தூரி கேட்டபோது
கையில் வேறு பேப்பர் கிடைக்கவில்லை.
அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
ஆறு மூட்டை, பினாயில், நாலு ஜோடி கையுறை.
கடைக்காரர் அதை வாங்கிக்
கம்பியில் குத்திவிட்டார்.

இப்போது சத்துணவில் முட்டை வருகிறது.
மழை தூறினால் இன்னும்
சாம்பாரோடு டீசல் மணக்கிறது.
சுவருக்கு ரெண்டு தடவை வெள்ளை அடித்தாயிற்று,
கோடு மறுபடி மேலே வந்துவிடுகிறது.
பசங்க அதில் முதுகை ஒட்டி நின்று
யார் வளர்ந்தது என்று பார்க்கிறார்கள்.
என் மகனுக்குத் தோள் தாண்டவில்லை இன்னும்.

காலையில் கேட் வரைக்கும் விடப்போகிறேன்.
வேலைக்கு நேரமானாலும்
அந்தப் பெயர்கள் முடியும்வரை நிற்கிறேன்.
இருபத்து இரண்டு, உள்ளேன்.
இருபத்து மூணு, என்று மிஸ் தினமும் கூப்பிடுகிறார்.
வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது.
அப்புறம் இருபத்து நாலு.