இரண்டாவது

முதல் ஆல்பத்துக்குக் 'கேட்டு' என்று பேர் வைத்தோம்.
காதால் கேட்டா, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டா என்றார்கள்.
ரெண்டும்தான்.
அது மூடியிருந்த நேரமெல்லாம் சேர்த்தால்
ஒன்பது பாட்டு வந்தது.
இருபத்துமூன்று வருஷம் நின்ற களைப்பு
முப்பத்தொரு நிமிஷம் ஓடியது.

இரண்டாவதுக்கு எங்களிடம் இருந்தது
பதினான்கு மாதமும்
ஒரு வங்கிக் கடனும்.

காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி மாடியில் அறை.
சுவரெல்லாம் முட்டை அட்டை,
அட்டைக்குப் பின்னால் கம்ப்ரசர்.
அது உறுமும் சுருதிக்கே
கிதாரைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டான் டார்வின்.
சண்டை போட்டால் கம்ப்ரசரோடு போடணும்,
வேண்டாம், நாமே இறங்கிப்போவோம் என்றான்.
வாழ்க்கையில் அவன் இறங்கிப்போனது அது ஒன்றுக்குத்தான்.

ஹாஜிரா பகலில் கண்டெய்னர் யார்டில்
சீல் நம்பர் சரிபார்க்கிறாள்.
வரி இன்னும் எழுதாத மெட்டுக்குத்
தற்காலிகமாக நம்பரைப் பாடிவைத்தாள்:
நாலு நாலு ஏழு, சைபர், ஒன்பது ஒன்பது.
அப்புறம் காதல் போட்டுப் பார்த்தோம்,
மழை போட்டுப் பார்த்தோம்,
அவள் அப்பாவின் டயாலிசிஸைக்கூட
ஒரு ராத்திரி போட்டுப் பார்த்தோம்.
எதுவும் அந்த சைபர் இடத்தில்
அவளை அப்படி மூச்சுவிட வைக்கவில்லை.
நம்பரே இருக்கட்டும்.
ஐந்தாவது பாட்டு.
எந்தப் பெட்டி, உள்ளே என்ன, எங்கே போனது
என்று அவளுக்கும் தெரியாது.

அடையாறிலிருந்து ஒருவர் கேட்க வந்தார்,
பணம் போடலாமா என்று பார்க்க.
ஷூவைக் கழற்றலாமா வேண்டாமா என்று
வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்.
"நல்லா இருக்கு. ஆனா
உங்க ஏரியா எங்க இதுல?
ஒரு கானா? ஒரு சாவு மேளம்?"
நாங்கள் கீபோர்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தோம்.

ஏழாவது பாட்டில் சரக்கு ரயில் போகிறது.
நாங்கள் போடவில்லை, அதுவே வந்தது,
நல்ல டேக்காகப் பார்த்து வந்தது.
பதினொரு தடவை அழிக்கப் பார்த்து
முடியாமல் விட்ட ரயில்.
"இது! இதுதான்!" எழுந்தே நின்றுவிட்டார்.
"எவ்ளோ யோசிச்சிருக்கீங்க."
ஆமாம் சார் என்றோம்.
தவணை ஐந்தாம் தேதி.

மேகநாதன் இல்லை இதில்.
முதல் ஆல்பத்துக்கு டிரம் வாசித்தவன்
இப்போது ட்ரெய்லர் ஓட்டுகிறான்.
குழந்தை பிறந்ததும் குச்சிகளை
என்னிடம் கொடுத்தான், கழுவித் துடைத்து,
இரவல் பாத்திரம் திருப்பித் தருகிற மாதிரி.
அவன் இடத்தில் ஒரு மிஷின்.
மிஷினுக்கு எல்லாம் சரியாக வந்தது,
அதுதான் தொல்லை.
மூன்று வாரம், ஒவ்வொரு அடியாக,
இரண்டாவது தட்டை மட்டும்
மயிரிழை பின்னால் தள்ளிவைத்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

வெளியான வெள்ளிக்கிழமை
நூற்று நாற்பது தடவை ஓடியிருந்தது.
அதில் ஆறு என் அம்மாவின் போன்.

சனி ராத்திரி ரெண்டரை மணிக்கு
எண்ணூர் நெடுஞ்சாலையில், துறைமுக வரிசையில்,
மாலையிலிருந்து நகராத வண்டிக்குள்ளிருந்து
ஒரு வாய்ஸ் மெசேஜ்.
முதலில் ஹாரன்.
அப்புறம் ரொம்ப நேரம் பேச்சில்லை,
ஸ்டியரிங்கில் தட்டுகிற விரல் மட்டும்.
அப்புறம் மேகநாதன்:
"டேய், மூணாவது பாட்டுல எவன்டா வாசிச்சது,
லேட்டா வர்றான்."

பதில் போடவில்லை இன்னும்.
திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன்.
விரலும்கூட
லேட்டாகத்தான் விழுகிறது.