அக்கட்டால, இக்கட்டால

இரண்டே முக்கால் மணி.
சாம்பிள் ரூமாக இருந்த அறையில் இப்போது ராக்.
ஏசிக்கு நேர் கீழே நான்,
ஏற்றுமதியில் கழித்துப்போட்ட நீல டீ-சர்ட்டை
இன்னொரு டீ-சர்ட்டின் மேல் மாட்டிக்கொண்டு.

திருப்பூரில் இக்கட்டால என் ரவுட்டர்.
பெருந்துறை சிப்காட்டில் அக்கட்டால சென்னியப்பனுடையது.
நடுவில் நேற்று இழுத்து முடித்த ஃபைபர்,
ஊத்துக்குளி தாண்டி, தண்டவாளத்தை ஒட்டி.

ஆளை நான் பார்த்ததில்லை.
திரை அவரை நெய்பர் என்கிறது.
பத்து நொடிக்கு ஒரு ஹலோ போகிறது, ஒன்று வருகிறது.
நாற்பது நொடி சத்தமில்லை என்றால்
செத்ததாகக் கணக்கு.
சாகவில்லை. ஃபுல் என்று காட்டுகிறது:
இரண்டு ரவுட்டர்கள்
இதற்குமேல் நெருங்க முடியாது.

ஆனால் ஒரு ரூட்டும் வரவில்லை.

"என்ற பக்கம் ஃபுல்லுங்க மேடம்."
"எனக்கும் ஃபுல்தாங்க."
"அப்புறம் ஏனுங்க சர்வருக்குப் பிங் போமாட்டீங்குது?"
"அதுதாங்க தெரியலை."

கீழே பேக்கிங்கில் இருநூற்றுப் பதின்மூன்று பெட்டி
லேபிள் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.
தூத்துக்குடி கண்டெய்னர்
ஆறு மணிக்குக் கிளம்பியாக வேண்டும்.
ரூபகலா மூன்றாம் முறையாக வந்து
கதவருகே நின்றுவிட்டு
ஒன்றும் கேட்காமல் போகிறாள்.
கேட்டிருக்கலாம்.

ஏரியா சரி. மாஸ்க் சரி. எம்டியூ சரி.
டைமரும் சரி. அதுதான் வினை.
கரூர் லைன் இப்படி ஏமாற்றாது.
அதற்குப் பேரெழுதி வைத்தால்தான் திரும்பிப் பார்க்கும்,
முப்பது நொடிக்கு ஒருதரம்தான் வாய் திறக்கும்.
ஒத்துவரவில்லை என்றால் பேச்சே இல்லை,
நமக்கும் அப்போதே தெரிந்துவிடும்.

இங்கே பேச்சு இருந்தது.
டேட்டாபேஸைத் திறந்து வரிவரியாகப் படித்தேன்.

இந்த ஏற்பாட்டில் யாரும் ஊர்க்கதை பேசக்கூடாது.
தன் வாசலில் என்ன கம்பி,
யாரிடம் போகிறது, என்ன செலவு,
அதை மட்டும் சொல்ல வேண்டும்.
எல்லோரும் சொன்னதைச் சேர்த்து வைத்து
அவரவர் வழியை அவரவர் போட்டுக்கொள்வது.
ஒரு கம்பியைப் பற்றி இரு முனையும்
ஒரே சொல் சொன்னால்தான் அது வழி.

சென்னியப்பன் சொல்லியிருந்தார்: இது ஒரு கோடு.
அக்கட்டால ஒருத்தர், இக்கட்டால ஒருத்தர், தீர்ந்தது.

நான் சொல்லியிருந்தேன்: இது ஒரு ஊர்.
ஈதர்நெட் என்றால் பிராட்காஸ்ட்.
நான் எழுதவில்லை, எழுதாததால் இருந்தது.
இன்னும் யாராவது வருவார்கள் என்று
நாற்பது நொடி காத்து,
தேர்தல் வைத்து,
எதிர்த்து ஒருவரும் நிற்காமல்
போட்டியின்றி நானே ஜெயித்து,
ஊத்துக்குளிக்கு முன்னாலோ பின்னாலோ
எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் ஊருக்கு
ராத்திரி பூராவும் தலைவராக உட்கார்ந்திருந்தேன்.
துணைத்தலைவர் பதவி காலி.

சிரித்துவிட்டேன். போனில் கேட்டிருக்கும்.

"என்னங்க அம்மிணி?"
"நீங்க பாயின்ட் டு பாயின்ட் போட்டிருக்கீங்களா?"
"ஆமாங்க. ரெண்டே பேருதானுங்களே."
கொஞ்சம் விட்டு,
"நான் வேணா மாத்திக்கறனுங்க."
"வேண்டாங்க. நான் எறங்கிக்கறேன்."

ஒரு வரி. என்டர்.
இருந்த உறவும் அறுந்தது. டவுன்.
சென்னியப்பன் மூச்சு விடுவது கேட்டது.
இனிட். எக்ஸ்சேஞ்ச். லோடிங்.
ஃபுல்.
அதே ஃபுல்தான்.
பக்கத்தில் பதவி எழுதுகிற இடத்தில் மட்டும்
ஒரு சின்னக் கோடு.
அவர் திரையில் அது முதலிலிருந்தே இருந்ததாம்.

ஓ என்ற எழுத்தைத் தலையில் வைத்துக்கொண்டு
ஏழு ரூட்டுகள் இறங்கின.
கீழே பிரிண்டர் கரகரத்தது.
ரூபகலா யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டாள்,
பெட்டிகள் நகர்ந்தன.

நான் நாற்காலியில் சாய்ந்து
பிளாஸ்கைக் குலுக்கிப் பார்த்தேன். காலி.

"அம்மிணி."
"சொல்லுங்க."
"சேவ் பண்ணிட்டீங்களா?
கரண்டு போச்சுன்னா
மறுக்காத் தலைவராயிருவீங்க."

பண்ணவில்லை.
பண்ணினேன்.