மிச்சக் காசு

வூப்பர்டாலில் ரயில் தலைகீழாய்த் தொங்கி ஓடும்.
அது கடந்து போகும்போதெல்லாம்
எங்கள் கடையின் ஊறுகாய்ப் போத்தல்கள்
ஒன்றோடொன்று மெல்லப் பேசும்.
அதற்குப் பழக எனக்கு ஒரு கிழமை போதுமாயிருந்தது.
மற்றச் சத்தத்துக்குத்தான் நாள் பிடித்தது:
டிங்.

கல்லாவுக்கு மேலே ஏழு வருடம்
ஒரு மட்டை தொங்கியது, முதலாளி குணபாலசிங்கத்தின் கையெழுத்தில்:
காசு மட்டும்.
பிறகு, பத்து யூரோவுக்கு மேல் கார்ட்.
பிறகு அந்தப் பத்தை வெட்டி ஐந்து.
போன மார்கழியோடு மட்டையே போய்விட்டது.
ஆணி மிச்சம்.
அதில் என் சால்வையைக் கொழுவுகிறேன்.

குரொய்டனில் இருந்து வந்த பெடியன் ஒருவன்
ஒரேயொரு கட்டு கறிவேப்பிலையை வைத்துவிட்டு
மணிக்கூட்டுக் கையை நீட்டினான்.
நேரம் கேட்கிறான் என்று நினைத்து
"நாலரை" என்றேன்.
பர்ஸ் தொட்டு இரண்டு வருடமாம் அவன்.
பேர்ணில் இருந்து வருகிறவர்கள்
போனைத் தூக்கிப் பிடித்தபடி
கறுப்பு வெள்ளைக் கட்டத்தைச் சுவரெல்லாம் தேடுவார்கள்;
சுவரில் இருப்பது முருகன் கலண்டர்.
எதிர்வீட்டுப் பிரிங்க்மன் அம்மா மட்டும்
செம்புச் சதங்களைத் தட்டில் ஒவ்வொன்றாய் அடுக்குவாள்,
பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விட விட.
"நான் எத்தனை மாம்பழம் தின்கிறேன் என்று
வங்கிக்கு எதற்குத் தெரியவேண்டும்?"
கிழட்டுப் பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன்,

தர்மினி வரும்வரை.

வியாழனில் வருவாள். குழந்தை வண்டில், நீல ஜாக்கெட்.
பர்ஸ் இல்லை, போன் மட்டும்.
இங்கே டிங் என்றால்
அதே கணம் ஸோலிங்கனில்
அவள் கணவனின் சட்டைப் பைக்குள்ளும் டிங்.
"ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு அக்கா. வசதி."
சுடுசட்டியைத் துணியால் பிடிப்பதுபோல்
அந்தச் சொல்லைப் பிடித்துச் சொன்னாள்.

ஒரு தடவை
அவள் வாசற்படி தாண்டவில்லை, போன் அடித்தது.
பன்னிரண்டு யூரோவுக்கு அப்படி என்ன வாங்கினாய்?
நாலடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது.
குழந்தையின் கையில் இருந்த சொக்லேட்டை
மெல்ல வாங்கி,
என் முகம் பாராமல் கல்லாவில் வைத்தாள்.

அடுத்த வியாழன் அரிசி எடுத்தாள். ஐந்து கிலோ பொன்னி.
அரிசிக்கு அவன் கேள்வி கேட்பதில்லை.
பதினெட்டு தொண்ணூறு. டிங்.
வண்டிலில் ஏற்றினாள், வாசல்வரை போனாள்,
திரும்பி வந்தாள்.
"வீட்டில நிறைய இருக்கு அக்கா.
இதைக் காசாய்த் தரேலுமோ?"

மெஷினில் வந்தது மெஷினிலேயே போகவேண்டும்;
முதலாளியின் கட்டளை.
அவர் பின்னுக்கு நின்று
இடியப்ப மா அடுக்கிக்கொண்டிருந்தார்.
ரயில் வந்தது. போத்தல்கள் பேசின.
அந்தச் சத்தத்துக்குள் கல்லாவைத் திறந்தேன்.

அரிசிப் பானைக்குள் சிறுவாடு ஒளித்தவர்களைத் தெரியும்.
இவள் அரிசியையே சிறுவாடாக்கினாள்.
நோட்டை நாலாய் மடித்து
குழந்தையின் காலுறைக்குள் வைத்தாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
கேட்டால் நானும் ஒரு டிங்.

ஒரே பையை ஆறு தடவை விற்றேன்.
மூலை கிழிந்து டேப் ஒட்டினேன்.
இரவில் கணக்குப் பார்த்தால் மொத்தம் சரி:
கார்டில் கூடியது காசில் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

மாத முடிவில் முதலாளி மெஷின் கக்கிய நீளக் கடதாசியை
மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் படித்தார்.
"பொன்னி என்ன இப்பிடி ஓடுது!"
டூசல்டோர்ஃபுக்கு அடித்து
நாற்பது பை இறக்கினார்.
ஜன்னலில் பாதி வெளிச்சம் போய்விட்டது.

வியாழன்.
தர்மினி அந்த மலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டதில்லை,
குழந்தையே திரும்பிப் பார்த்தது.
பிறகு போனை எடுத்துக்கொண்டு
மெதுவாய்க் கேட்டாள்:
"இதில எது அக்கா என்ர பை?"