கழிவு

கூடலூரில் பஸ் ஏறும்போது வெயில்.
சேரம்பாடியில் இறங்கும்போது
எதிரே நிற்பவரின் முகம் தெரியவில்லை.
பையில் ஒரு படிவம்,
இருபத்திரண்டு கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் சுழியம், ஒன்று, அல்லது இரண்டு.

யோகராசா. ஆயுள் தண்டனை.
குற்றத்தின்போது வயது இருபத்து நான்கு.
ஆயுதம்: கவாத்துக் கத்தி.
இடம்: இலை நிறுக்கும் கொட்டகை.
காரணம் என்ற கட்டத்தில்
எனக்கு முன் யாரோ எழுதியிருந்தார்கள்,
எடைத் தகராறு.

பதினெட்டு வருடத்தில் உள்ளே ஒரே ஒரு தண்டனை:
சோற்றுத் தட்டை வீசியது.
யார் மேலும் படவில்லை.
அதற்கு ஒன்றா சுழியமா என்று
கோவை மத்தியச் சிறையில், ஓடாத மின்விசிறிக்குக் கீழே
வெகுநேரம் யோசித்தேன்.
கேள்வி ஏழு, சினத்தை அடக்கும் திறன்.
விடுதலைத் தாளோடு வந்தவள் முன்
எவன் கத்துவான்?
அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்:
"இலை இப்ப கிலோ என்ன வெல மேடம்?"
அதை எழுதக் கட்டமில்லை.

போன வருடம் கோத்தகிரிப் பக்கம் ஒருவனுக்கு
'குறைவு' என்று எழுதினேன்.
எட்டாவது மாதம்
அவன் மனைவியின் தங்கையை...
வேண்டாம்.
அதற்கு முன் ஒருவருக்கு 'அதிகம்'.
அவர் சிறை ஆஸ்பத்திரியில் காசநோயில் செத்தார்,
அபாயகரமானவராகவே.

கேள்வி பத்தொன்பது:
இறந்தவர் குடும்பத்தின் கருத்து.

லயத்தின் கடைசி வீடு.
மேஸ்திரி சூசைநாதனின் மனைவி அமலோற்பவம்
ஈரச் சாக்கை உதறிக் கொடியில் போட்டுவிட்டு
முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்தார்.
"வரட்டும்னா பயமில்லன்னு எழுதுவீங்க.
வேணாம்னா ஆத்திரம்னு எழுதுவீங்க.
நடுவுல ஏதாச்சும் இருக்கா அதுல?"
பார்த்தேன்.
ஒன்று இருந்தது.

பிறகு, நான் கேட்காமலே:
"சாக்குக்கு ரெண்டு கிலோ கழிப்பாங்க, அது கம்பெனி கணக்கு.
மழத்தண்ணிக்கு ரெண்டு, அது இவுரு கணக்கு.
வெயில் நாள்லயும் மழைக்குக் கழிச்சாரு."
காதைத் தொட்டுக் காட்டினார்.
"அதுல எடுத்ததுதான்.
அவன் வெட்டுன அன்னிக்கும் காதுல கெடந்துச்சு.
கழட்டல."

கொட்டகை வழியாகத் திரும்பினேன்.
இப்போது எண்கள் ஒளிரும் தராசு.
தலையில் ஈர மூட்டைகளோடு பெண்கள் வரிசை.
எடை போடுகிறவன் என்னை
மேலிடத்து ஆள் என்று நினைத்துக்கொண்டு
"மழை மேடம், கழிச்சுத்தான் ஆகணும்" என்றான்.
யாரும் வாய் திறக்கவில்லை.
ஒருத்தி மட்டும் சும்மாட்டை அவிழ்த்து
அவனையே பார்த்தபடி
மெதுவாகப் பிழிந்தாள், கடைசிச் சொட்டு வரை.
இருபத்து நான்கு இருக்கும் அவளுக்கு.

கடைசி பஸ்ஸில் கூட்டிப் பார்த்தேன், பதினொன்று.
தேவாலாவில் டிரைவர் டீ குடிக்க இறங்கியபோது
இன்னொரு தரம். பன்னிரண்டு.
இரண்டுமே நடுத்தரம்தான்.
நனைந்த தாளில் பேனா ஓடவில்லை.
பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.