மின்வேலிக் கொப்பி

நெடுங்கேணிக்குக் கிழக்கே, பாலைமரங்கள் முடிகிற இடத்தில்
எங்கள் வேலி தொடங்குகிறது. நாலரைக் கிலோமீற்றர்.
பற்றரிப் பெட்டி என் வளவின் பின்மூலையில்;
ஆனபடியால் கொப்பியும் என்னிடம்.
கிழமைக்கு இரண்டு தரம் கம்பியில் மீற்றரை வைத்து
இலக்கம் எழுதவேண்டும்.
ஆறு தசம் இரண்டு. ஆறு தசம் ஒன்று.

மாசியில் எனக்குக் காய்ச்சல்.
படுக்கையில் கிடந்தபடி ‘டிக், டிக்’ கேட்டேன்.
கேட்டதை நம்பி எழுதினேன்: ஆறு தசம் இரண்டு.
பன்னிரண்டாம் நாள் எழும்பிப் போய்ப் பார்த்தால்
பெட்டிக்குள் பல்லிமுட்டை. இலக்கம் பூச்சியம்.
சிவப்பு விளக்கு அணைந்ததை
முதல்நாளே பள்ளிக்கூடம் போகையில் கண்டானாம் யதுகுலன்.
ஒருவரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

வேலியோர மணலில் அலியனின் தடம்.
வந்திருக்கிறது. ஐந்தடி தள்ளி நின்றிருக்கிறது.
கால் மாற்றி மாற்றி நின்ற இடம் குழிந்திருக்கிறது.
திரும்பியிருக்கிறது.
பதினொரு இரவு
வெறுங்கம்பிக்கு அந்தப் பக்கம் அதுவும்
இந்தப் பக்கம் நாங்களும்
ஒரே பொய்யை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

சங்கக் கட்டடத்தில் கூட்டம்.
தவக்குலசிங்கம் எழும்பினார்:
“பதினொரு நாள் கரண்ட் இல்லை. ஆனை வரேல்லை.
பிறகென்னத்துக்குப் பற்றரிக்கு எழுபதினாயிரம்?”

எங்கள் கையில் நாலு வசனம் இருந்தது.
ஆனைக்கு எங்கள் சோளன் வேணும்.
அதை மறிக்கிறது கரண்ட் மட்டும்.
கரண்ட் இல்லை.
ஆனை வரவில்லை.
நாலும் ஒரு பாயில் படுக்காது. ஒன்று எழும்பவேண்டும்.
எது என்று கணக்குச் சொல்லாது,
ஒன்று என்றுமட்டும் சொல்லும்.
கச்சான் பிடுங்கினவர்களுக்குத் தெரியும்,
ஒரு செடியை இழுத்தால் பக்கத்து மண்ணும் சேர்ந்து வரும்.
அவரவர் தங்கள் கைக்கு இலேசாக வந்ததைப் பிடுங்கினார்கள்.
றோட்டுக்கரைக் காணிக்காரர் முதலாம் வசனத்தை.

விமலேஸ்வரியின் காணி கடைசி.
கம்பிக்கும் அவள் கொட்டிலுக்கும் இருபது மீற்றர்.
‘மட்டும்’ என்ற ஒரு சொல்லைப் பிடுங்கினால் போதும் என்றாள்.
“அதை மறிச்சது கரண்ட் இல்லை, கரண்டின்ர ஞாபகம்.
ஞாபகத்துக்கு எத்தினை நாள் சார்ஜ் நிக்கும்?”

பதினேழுக்கு ஆறு.
கைகளை எண்ணினது நான்.
எந்தக் கை கம்பியிலிருந்து எவ்வளவு தூரம் என்று
எண்ணுவதற்குக் கொப்பியில் நிரல் இல்லை.
என் பொய் இலக்கத்தைப் பற்றி வாய் திறக்கவுமில்லை.

மூன்றாம் இரவு அது ஒரு வீரைக் கொப்பை முறித்து
கம்பிமேல் போட்டது. காத்திருந்தது.
நாலாம் இரவு முன்கால் நகத்தால் தொட்டது.
ஐந்தாம் இரவு கட்டையை மிதித்துச் சாய்த்தது,
மெதுவாகத்தான்.
உள்ளே வரத் தேவையானதற்கு மேல்
ஒரு கட்டையைக்கூடச் சாய்க்கவில்லை.

விடியும்வரை பிள்ளைகளோடு
கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தாள் விமலேஸ்வரி.
சோளன் இல்லை. கொட்டிலுக்கு ஒரு சுவர் இல்லை.

அடுத்த கூட்டத்தில் ஒரு வரியை வெட்டச் சொன்னார்கள்:
‘பற்றரி அவசியமில்லை.’
அதற்கு மேலே தலைவரின் நன்றியுரை,
கீழே தேநீர்ச் செலவு, அப்படியே.
வெட்டி, கையெழுத்து வைத்து,
மற்றக் கொப்பியைத் திறந்து
ஆறு தசம் இரண்டையும் வெட்டினேன்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதுப் பற்றரி வந்துவிட்டது. ஏழுக்கு மேல் நிற்கிறது.
அலியனுக்கு இப்போது கம்பி என்றால் வெறும் கொடி.
அதன் எண்ணத்தை மாற்ற ஒரு தரம் சுடவேண்டும்.
சுடுவதற்கு அது வரவேண்டும்.
விமலேஸ்வரியின் காணியால்தான் வரும்.

இரவில் ‘டிக்’ கேட்கிறது.
கேட்கிறதா?
ரோச்சையும் மீற்றரையும் எடுத்துக்கொண்டு இறங்குகிறேன்.
கடைசிக் காணிப் பக்கம்
ஏற்கெனவே ஒரு வெளிச்சம்
கம்பியோரமாக நடந்துகொண்டிருக்கிறது.