அரைப்பேர்

பிள்ளைமடுவத்தின் சாவி
லோகமணி அக்காவிடம் இருந்ததால்
நாங்கள் அங்கேதான் எழுதினோம்.
தலவாக்கலைக்கு மேலே, மூன்றாம் லயத்துக்குப் பின்னால்,
தொட்டில் சேலைகளைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு
ஐந்து பேர், ஒரு நாடகம்.

குழந்தைகளின் பலகையில் உட்கார்ந்ததால்
எல்லாருக்கும் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது.
தவசீலன் மாஸ்டருக்கு மட்டும் நாற்காலி.
யாரும் கொடுக்கவில்லை.
அது அங்கே இருந்தது, அவர் உட்கார்ந்தார்.

முதல் நாளே வேலை பிரிந்துபோனது.
மாஸ்டர் கதை, விக்கினராஜ் வசனம்,
ஸ்டீபனுக்கு இரண்டு பாட்டு.
"உங்க கையெழுத்து முத்து மாதிரி" என்றார்கள்,
கொப்பி என் மடிக்கு வந்துவிட்டது.
லோகமணி அக்கா கேத்தலை வைத்தார்.
யாரும் சொல்லவில்லை.
அடுப்பு அங்கே இருந்தது.

ஒன்பதாம் காட்சி, நிறுவை.
இருபத்திரண்டு கிலோ கொழுந்தில்
ஈரத்துக்கென்று மூன்றைக் கழிக்கிறார் கணக்கப்பிள்ளை.
அரைப்பேர் விழுகிறது.
மாஸ்டர் கண்ணை மூடிச் சொல்லச் சொல்ல எழுதினேன்:
'அவள் கண்ணீர் கூடைக்குள் சொட்டுகிறது.
மகன் ஓடிவந்து நியாயம் கேட்கிறான்.'

"நிறுவையில ஒருத்தியும் அழ மாட்டா"
என்றார் அக்கா, சுடுதண்ணியை ஊற்றியபடியே.
"முள்ளத்தான் பாப்போம்.
முள்ளு நிக்கிறதுக்கு முந்தியே வாசிச்சிருவான்.
அதப் பாப்போம்.
மகன் எங்க வாறது? அவன் கொழும்புல கடையில நிக்கிறான்."

முந்தின கிழமை இதே காட்சிக்காக
மாஸ்டரும் விக்கினராஜும் பலகையில் அடித்துக் கத்தினார்கள்.
காரசாரமான விவாதம் என்று குறித்துக்கொண்டேன்.
ஒரே குடையில் இறங்கிப் போனார்கள் இருவரும்.
இன்று அக்காவின் குரல் ஒரு படி ஏறியதும்
"வீட்டுல ஏதும் பிரச்சினையாக்கா?" என்றான் விக்கினராஜ்.
கெட்டவன் இல்லை. அவனுக்கு நிஜமாகவே கவலை.

"அக்கா சொல்றது சரிதானே," ஸ்டீபன் முனகினான்.
"நீ எந்தப் பக்கம்டா?"
சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது.
அதன்பிறகு அவன் பேனா மூடியைக் கடித்தபடி இருந்தான்.

இனி என் கணக்கு.
இரவு, நல்ல கொப்பியில் பிரதி எடுக்கும்போது
அக்காவின் முள்ளை 'நீதியின் முள்' ஆக்கினேன்.
'வாசிச்சிருவான்' அடித்து 'வஞ்சிக்கிறான்' போட்டேன்.
அழகாகத்தான் இருந்தது.
மாஸ்டர் முகம் கறுக்காதபடி
அதையும் அடைப்புக்குள் வைத்தேன்.
அப்பாவின் முகம் பார்த்துக் கறி அள்ளிய கை
எழுதும்போது மட்டும் வேறு கையாகிவிடுமா?

அடுத்த சனி அக்கா வரவில்லை.
சாவியை மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.
மாஸ்டர் சுற்றிலும் பார்த்துக் கேட்டார்:
"இன்னைக்குத் தேத்தண்ணி இல்லையா?"
கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதினேன்,
ஒரு புள்ளி திருத்தவில்லை.
மறுகிழமை உரக்க வாசித்தேன்.
தகரத்தில் மழை. ஒருவரும் பேசவில்லை.
ஸ்டீபன் எழுந்து கேத்தலை வைத்தான்.
விக்கினராஜ் சிரிக்கப் பார்த்து இருமினான்.
சீனி ரொம்பக் கூடிப்போனது.

அட்டனிலிருந்து நோட்டீஸ் மாதிரி வந்த அன்று
அக்காவும் வந்தார்.
எழுத்தாக்கம் என்று மூன்று பெயர்.
கீழே, பாதி அளவில், 'உதவி' என்று
அவரும் நானும்.
தராசு முள்ளைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.
"முழுநாளும் நின்னோமே.
அரைப்பேரா போட்டிருக்கு?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அச்சகத்தில் காசு கூடும் என்றார்.
பிறகு, இடமில்லை என்றார்.
அடிமட்டத்தை வைத்து அளந்து காட்டினேன்.
இடம் இருந்தது.

ஒன்பதாம் காட்சி இன்னும் முடியவில்லை.
நேற்றுப் பத்தரை வரை
மகன் ஓடிவர வேண்டுமா கூடாதா என்று
அக்காவும் மாஸ்டரும் பிடித்துக்கொண்டார்கள்.
காரசாரமான விவாதம், எழுதிவிட்டேன்.
ஒரே குடையில் இறங்க முடியாது, ஊர் பேசும்.
மாஸ்டர் முன்னால் டோர்ச் அடித்துக்கொண்டு போக
பத்தடி பின்னால் அக்கா,
படிக்கட்டு முழுக்க
இன்னும் சொல்லிக்கொண்டே.